போர் விமான மாடல்: பிரைமர் முதல் புகைக்கறை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகங்களை ஒட்டி முடிக்கும் வரை கிட்டோடு வரும் தாள் கூடவே வரும். அதற்கு மேல், எந்த இடத்தில் எந்த நிறம் என்று ஒரு படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பும் கேள்விகள்தான் இவை. பிளாஸ்டிக் கிட்டை மனதில் வைத்து எழுதியது. 1/72 (நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு), 1/48, 1/32 மூன்று அளவுகளுக்கும் பொருந்தும்.

ஒட்டியாயிற்று. நேராகப் பெயின்ட் அடிக்கலாமா?

முதலில் குளிப்பாட்டுங்கள். விரல் எண்ணெய், தேய்த்த தூசி, அச்சிலிருந்து பாகம் கழன்று வரத் தொழிற்சாலையில் பூசும் வழுக்குப் பொருள் என்று எல்லாம் மேலே படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பழைய டூத்பிரஷ் போதும்.

அப்புறம் இணைப்புகள். உடற்பகுதியின் இரண்டு பாதிகள் சேரும் கோடு முதுகிலும் வயிற்றிலும் நீளமாக ஓடும். நிஜ விமானத்தில் பெரும்பாலும் அந்த இடத்தில் கோடே இருக்காது. பட்டி பார்த்து, நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாளை 400, 800, 1000 என்று படிப்படியாக ஏற்றித் தேயுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. பிறகு சாம்பல் நிற பிரைமர் (நிறத்துக்கு முன் போடும் அடிப்பூச்சு) ஒரு கை அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் பளபளப்பில் கண்ணுக்குத் தப்பிய பள்ளமெல்லாம் அப்போது தெரியும். தேய்த்ததில் அழிந்துபோன பேனல் கோடுகளையும் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்கள்) இப்போதே ஊசியாலோ ஸ்கிரைபராலோ திரும்பக் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) போடும் நாளில், ஜம்மென்று ஓடிவரும் கோடு இணைப்புக்குப் பக்கத்தில் திடீரென்று காணாமல் போகும்.

அக்ரிலிக், எனாமல், லாக்கர்: எது நல்லது?

மூன்றுமே நல்லதுதான். எதன் மேல் எதைப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே போடும் பூச்சின் தின்னர் (பெயின்டைக் கரைக்கும் திரவம்), கீழே இருக்கும் பூச்சைக் கரைக்கக் கூடாது. லாக்கர் தின்னர் ஏறக்குறைய எல்லாவற்றையும் தின்னும். எனாமலையும் ஆயில் பெயின்டையும் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட், நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கையோ லாக்கரையோ ஒன்றும் செய்யாது. அதனால்தான் பலரும் அடிப்படை நிறங்களை லாக்கரிலோ அக்ரிலிக்கிலோ முடித்துக்கொண்டு, அழுக்கு வேலைக்கு மட்டும் எனாமலும் ஆயிலும் எடுக்கிறார்கள். அழுக்கு பிடிக்கவில்லையா, ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பிரஷால் துடைத்துவிடலாம். அடியில் இருக்கும் நிறம் அசையாது.

மொத்த வரிசை இதுதான்: பிரைமர், நிறங்கள், பளபளப்பு வார்னிஷ், டீக்கால் (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப் படலம்), அதன் மேல் இன்னொரு பளபளப்பு, வாஷ், மேட் (பளபளப்பற்ற) அல்லது சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ், கடைசியாகப் புகையும் தூசியும். பெயின்ட் உரிவது மட்டும் இந்த வரிசையில் அடங்காது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஏர்பிரஷ் கட்டாயமா?

ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் சின்னக் கருவி. கட்டாயம் இல்லை. அகலமான மென்மையான பிரஷ், நீர்க்கக் கரைத்த பெயின்ட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று மூன்று நான்கு பூச்சு. பொறுமை இருந்தால் போதும். மென்மையான விளிம்புள்ள புள்ளிக் கமோஃபிளாஜும் (எதிரியின் கண்ணை ஏய்க்கும் நிறத் திட்டுகள்), புகைக்கறையும் ஏர்பிரஷில் சுலபம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏர்பிரஷில் அடித்தால் சில நேரம் மணல் தூவியதுபோல் சொரசொரக்கிறது, சில நேரம் சிலந்திக் கால் மாதிரி ஓடுகிறது. ஏன்?

சொரசொரத்தால் பெயின்ட் மாடலைத் தொடுமுன்பே காற்றிலேயே காய்கிறது. கிட்டே போங்கள், அல்லது தின்னர் கூட்டுங்கள், அல்லது காற்றழுத்தத்தைக் குறையுங்கள். சிலந்திக் கால் ஓடினால் இதற்கு நேரெதிர்: நீர்த்த பெயின்ட், கிட்டத்துக் கை, அதிக அழுத்தம். பால் பதம் என்பார்களே, கோப்பையின் சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும், அதுதான் தொடக்கம். 0.3 மி.மீ. ஊசியும் 15 பிஎஸ்ஐ அழுத்தமும் பெரும்பாலான வேலைக்குச் சரிவரும். புள்ளிக் கமோஃபிளாஜ் மாதிரி நுணுக்க வேலைக்கு இன்னும் நீர்க்கக் கரைத்து அழுத்தத்தையும் 10 பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள்.

லாக்கர் அடிப்பவர்கள் கவனிக்க: சாதாரணத் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டரும், காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும்.

தாளில் சொன்ன நிறத்தையே அடித்தேன். ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறதே?

ஒரே நிறம் ஒரே சீராக இருப்பதுதான் காரணம். நிஜ விமானத்தில் மேல்பக்கம் வெயிலில் வெளுக்கும், துணி போர்த்திய பாகம் உலோகத்தைவிட வேறு மாதிரி வெளுக்கும், பழுது பார்த்த தகடு மட்டும் புதுசாக நிற்கும்.

பேனல் கோடுகளின் மேல் முதலில் கறுப்பு அடித்து, அதன் மேல் நிறத்தை மெல்லியதாக ஏற்றுவது ஒரு வழி. மொத்த மாடலையும் கறுப்பாக்கிவிட்டு, ஒவ்வொரு பேனலின் நடுவிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கி நிறத்தைக் கட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதல் வழியில் கை கொஞ்சம் தவறினாலும் எல்லாப் பேனலுக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கரை விழுந்து, இறக்கை கட்டம் போட்ட போர்வையாகிவிடும். எந்த விமானமும் பேனல் பேனலாக, கோடு தவறாமல் அழுக்காவதில்லை.

இன்னொன்று, சின்ன அளவில் நிறங்கள் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும். அசலிலிருந்தே எடுத்த நிறமானாலும் 1/72-க்கு ஒரு சில துளி வெள்ளையோ இளஞ்சாம்பலோ கலந்தால்தான் சரியாக உட்காரும். சுத்தக் கறுப்பைத் தவிர்த்துவிடுங்கள். டயர்கூட அடர் சாம்பல்தான்.

டீக்காலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. எப்படிப் போக்குவது?

அது மாட்டிக்கொண்ட காற்று. மேட் பெயின்ட் நுண்ணிய மேடு பள்ளமாக இருக்கும். டீக்கால் படலம் மேடுகளின் மேல் பாலம் போட்டதுபோல் நிற்க, பள்ளங்களில் காற்று தங்கி ஒளியைத் திருப்பி அடிக்கும். பளபளப்பு வார்னிஷ் அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. அதற்காகத்தான் அது, அழகுக்காக அல்ல.

ஏற்கெனவே மினுங்கினால், மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் சில துளைகள் குத்தி, மைக்ரோ சோல் போன்ற டீக்கால் மென்மையாக்கியை ஒரு சொட்டு விடுங்கள். படலம் சுருங்கிச் சுருண்டு பயமுறுத்தும். கையை வைக்காதீர்கள். காய்ந்ததும் தானே படிந்து, பேனல் கோட்டுக்குள்ளும் இறங்கிவிடும்.

வாஷ் என்பது என்ன? எந்த நிறத்தில் போடுவது?

மிகவும் நீர்க்கக் கரைத்த பெயின்ட். பேனல் கோட்டின் ஒரு முனையில் பிரஷ் நுனியால் தொட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கோடு முழுக்கத் தானே ஓடும். முதல்முறை அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி. குறுக்குக் கோடு வரும் இடத்தில் கொஞ்சம் தயங்கி, இரண்டாகப் பிரிந்து, ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போகும். அரைமணி நேரம் விட்டு, ஒயிட் ஸ்பிரிட்டில் தொட்டு நன்றாகப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் மிச்சத்தைத் துடைக்கலாம். துடைக்கும் திசை முக்கியம். இறக்கையில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு, உடலில் மூக்கிலிருந்து வாலுக்கு. அப்படித் துடைத்தால், விட்டுப்போன கறையும் காற்று இழுத்த அழுக்காகவே தெரியும்.

நிறத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1/72 மாடலில் ஒரு பேனல் கோடு 0.1 மி.மீ. அகலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிஜ அளவில் அது 7 மி.மீ. அவ்வளவு பெரிய இடைவெளியோடு எந்தப் போர் விமானமும் பறக்காது. ஏற்கெனவே மிகைப்பட்ட அந்தக் கோட்டில் கறுப்பையும் நிரப்பினால் மிகைக்கு மேல் மிகை. பச்சைக்கு அடர் பழுப்பு, சாம்பலுக்கு இன்னும் அடர்ந்த சாம்பல், வெள்ளைக்கு நடுத்தரச் சாம்பல் என்று, அடிநிறத்தைவிட இரண்டு படி அடர்ந்தால் போதும். அசையும் பாகங்களின் இடுக்கில் மட்டும் கறுப்புக்குக் கிட்ட போகலாம். அங்கே நிஜமாகவே இருட்டு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவத்தில். வார்னிஷ் போடாத வெறும் பிளாஸ்டிக்கில் எனாமல் வாஷைத் தாராளமாக விடாதீர்கள். 1/48 கோர்ஸேர் விமான மாடல் ஒன்றின் சக்கரக் குழிக்குள் விட்டேன். இரவு முழுக்க உள்ளே தேங்கி நின்றிருக்கிறது. காலையில் சக்கரக் கால் அதன் அடியோடு தனியாகக் கையில் வந்தது. இறுக்கமாகப் பொருத்திய, அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் தின்னர் ஊறினால் விரிசல் விடும். வாஷில் குற்றமில்லை, அவசரத்தில்தான்.

பெயின்ட் உரிந்து உலோகம் தெரிவதை எப்படிக் காட்டுவது?

எப்படி என்பதற்கு முன்னால், அங்கே உலோகம் இருந்ததா என்று கேளுங்கள். மாஸ்கிட்டோவின் உடலும் இறக்கையும் மரம். அதில் வெள்ளி நிறத்தில் உரிந்திருந்தால் மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறு. ஹரிக்கேனின் பின்னுடல் துணி. கோர்ஸேரின் வெளி இறக்கையில் பெரும்பகுதிக்கும் துணிதான். ஸ்பிட்ஃபயரின் வால் சுக்கானும் (ரடர்) துணி. துணி வெளுக்கும், அழுக்காகும், ஒட்டுப்போடப்படும். வெள்ளி எட்டிப் பார்க்காது.

உலோகம்தான் என்றாலும் எல்லாம் ஒன்றுபோல் உரிவதில்லை. ஜப்பானிய ராணுவத்தின் கி-61 விமானங்களில் பல, தொழிற்சாலையிலிருந்து வெறும் அலுமினியமாக வந்தன. களத்தில் பிரைமர் இல்லாமல் பச்சையை அடித்தார்கள். பிடிமானமே இல்லாத பெயின்ட் தகடு தகடாகப் பெயர்ந்தது. அமெரிக்க விமானத்திலோ நிறத்துக்கு அடியில் பல இடங்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த சிங்க் குரோமேட் பிரைமர் இருக்கும். உரிசலின் விளிம்பில் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். விமானி ஏறும் இடது இறக்கை வேர், மெக்கானிக் திருகும் எஞ்சின் மூடியின் பூட்டுகள், துப்பாக்கிக் குண்டுப் பெட்டிக் கதவுகள், மண்ணும் கல்லும் அடிக்கும் இறக்கை முன்விளிம்பு ஆகியவை கால் பட்டும் கை பட்டும் தேயும் இடங்கள். வாலின் உச்சியில் யாரும் ஏறி நிற்பதில்லை.

பெரிய உரிசலுக்கு ஹேர்ஸ்ப்ரே முறை. வெள்ளியை லாக்கரில் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் ஹேர்ஸ்ப்ரே, அதன் மேல் நீரில் கரையும் அக்ரிலிக் நிறம். ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்ட கடினமான பிரஷால் மெல்லத் தட்டினால், அடியில் ஹேர்ஸ்ப்ரே இளகி நிறம் சில்லு சில்லாகக் கழலும். மறுநாள் வரை விட்டால் பெயின்ட் இறுகிப் பிடிவாதம் பிடிக்கும். இது நிறம் அடிக்கும் கட்டத்திலேயே நடக்க வேண்டிய வேலை. வார்னிஷ் ஏறிவிட்டால் வாய்ப்பு போச்சு.

சின்னச் சின்னச் சிராய்ப்புக்கு வெள்ளி நிறப் பென்சிலும், கிள்ளியெடுத்த ஸ்பாஞ்சுத் துண்டும் போதும். ஸ்பாஞ்சைப் பெயின்டில் தொட்டு, தாளில் பெரும்பாலும் தட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தை மாடலில் ஒற்றுங்கள். அளவை மறக்காதீர்கள். 1/72-ல் நீங்கள் வைக்கும் 1 மி.மீ. புள்ளி, நிஜத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம்.

எஞ்சின் புகைக்கறை கறுப்பா, பழுப்பா?

இரண்டும் உண்டு. எரிபொருள் மிகுந்த கலவையில் ஓடினால் கரி படிந்து கறுக்கும். நீண்ட தூரம் சிக்கனக் கலவையில் பறந்தால், அந்தக் காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வெளிர் சாம்பலாக, சில நேரம் மஞ்சள் கலந்த வெள்ளையாகப் படியும். அதனால் ஒரே கறையில் கறுப்பு நடு, வெளிர் ஓரம் என்று பார்க்கலாம்.

அடிக்கும் முறை: அடர் பழுப்பை மிக நீர்க்கக் கரைத்து, ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு. அதற்குள் ஒல்லியாகக் கறுப்பு, கடைசியில் ஓரங்களில் வெளிர் சாம்பல் ஒரு மூச்சு. குழாயின் வாயிலிருந்து ஆரம்பித்து, காற்று போகும் போக்கில் போங்கள். இறக்கை மேலே புகை எப்படி வளைகிறது என்று அந்த விமானத்தின் புகைப்படத்தைப் பாருங்கள். நேர்கோடு என்று நினைத்த பல இடங்களில் வளைந்திருக்கும்.

எண்ணெய்க் கசிவுக்கும் இதே விதி. பறக்கும்போது கசிந்தது பின்னோக்கி இழுபடும். நிறுத்திவைத்தபோது கசிந்தது கீழே வழியும். ஒரே கசிவு இரண்டு திசையிலும் போயிருந்தால் அந்த விமானத்துக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

ஸ்பிட்ஃபயரில் துப்பாக்கி வாய்களைத் துணி ஒட்டி மூடிவைப்பார்கள், சுட்டால் கிழியும். துணியை முழுசாக ஒட்டிவிட்டு, அதற்குப் பின்னால் வெடிமருந்துக் கறையும் அடித்தால் ஒன்றையொன்று பொய்யாக்கும். அதே முன்விளிம்பில் துணி கிழிந்து கறையும் இருந்தால் சண்டையிலிருந்து இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

1944 நார்மண்டிக் கோடுகளை நேராகத்தான் அடிக்க வேண்டுமா?

எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. ஜூன் 6-ல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்குவதற்கு முந்தைய ஓரிரு நாளில், தம் விமானங்களை அடையாளம் காண, ரகசியம் கசியாதிருக்க அவசர அவசரமாகப் போட்ட கறுப்பு வெள்ளைக் கோடுகள் அவை. பல விமானங்களில் பிரஷால் கையால் இழுத்தது, விளிம்பு கோணல், வெள்ளைக்கு அடியில் பழைய நிறம் தெரியும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு கோடும் 18 அங்குலம். 1/72-ல் சுமார் 6.4 மி.மீ., 1/48-ல் 9.5 மி.மீ. மாஸ்கிங் டேப்பில் அகலத்தை மட்டும் குறித்துக்கொண்டு, பிரஷால் அடித்துப் பாருங்கள். டீக்கால் தாளில் வரும் கத்தி வெட்டுக் கோடுகளைவிட உயிரோடு இருக்கும்.

வெறும் உலோக நிற விமானம்?

பளபளப்புக் கறுப்பு அடிப்பூச்சு, அதன் மேல் ஆல்கிளாட் போன்ற உலோக லாக்கர். கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் வெள்ளியில் அது மலையாகத் தெரியும். பேனல்களை மாற்றி மாற்றி மறைத்து இரண்டு மூன்று சாயல் காட்டுங்கள்.

பி-51 மஸ்டாங் கட்டுபவர்கள் நிறைய பேர் இறக்கையையும் உடலைப் போலவே பளபளவென்று ரிவெட்டோடு காட்டிவிடுகிறார்கள். அதன் இறக்கையில் காற்று வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே முன்பகுதி இணைப்புகளுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளி பெயின்ட் அடித்தார்கள். ஆகவே உடல் உலோகம், இறக்கை பெயின்ட். அங்கே ரிவெட்டைக் கீறாதீர்கள். கிட்டில் இருந்தால் அடைத்துவிடுங்கள்.

ஜெட் விமானத்துக்கு என்ன வித்தியாசம்?

உரிசல் குறைவு, ஒட்டுப்போட்ட நிறம் அதிகம். கப்பலில் இருந்த எஃப்-14 டாம்கேட் மாதிரி விமானங்களில், உப்புக்காற்றில் துரு பிடிக்காமலிருக்க ஊழியர்கள் கண்ட இடத்தில் பெயின்டைத் தொட்டுவைப்பார்கள். ஒவ்வொரு திட்டும் சற்றே வேறு சாம்பல். நீர்த்த மூன்று சாம்பலை, கோடுகளை ஒட்டியும் பூட்டுகளைச் சுற்றியும் ஏர்பிரஷால் தொட்டுத் தொட்டு அடித்தால் அந்தத் தோற்றம் வரும். மேலே கால் தடமும் எண்ணெயும் ஆயில் பெயின்டில். பின்முனைச் சூட்டு உலோகத்துக்கு வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் ஒரு மூச்சு மட்டும். எஃப்-100-ன் பின்னுடல் இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளையாகப் பூத்துவிட்டது!

ஈரப்பதம் காரணமாக இருக்கலாம். லாக்கர் ஆவியாகும்போது குளிர்ந்து, காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மழை நாளில் அடிக்காதீர்கள். குப்பியைக் குலுக்காமல் விட்டாலும் பூக்கும். மேட் தன்மைக்கான தூள் அடியில் தங்கிக் கட்டிகளாக வரும். பெரும்பாலும் அதன் மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு கை அடித்தால் வெண்மை அடங்கிவிடும். பிறகு மேட்டை மீண்டும், இம்முறை மெல்லிய பூச்சாக.

கடைசியாக என்ன பாக்கி?

சக்கரக் கதவுகள், ஆன்டெனா, விளக்குகள். ஆன்டெனா கம்பிக்கு, மெழுகுவத்தியில் காட்டி இழுத்த ஸ்புரூ (கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) போதும். கண்ணாடிக் கூண்டுக்குக் கிட்டே சூப்பர் குளூ கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியைப் பனிபிடித்தது மாதிரி மங்கலாக்கும். பிவிஏ (வெள்ளைப்) பசை ஒட்டும், காய்ந்ததும் தெரியாது.

அப்புறம் கூண்டின் மாஸ்க், அதாவது கண்ணாடியில் பெயின்ட் படாமலிருக்க ஒட்டிய டேப். பூச்சு எல்லாம் காய்ந்ததும், சட்டத்தின் விளிம்பில் கத்தி நுனியால் ஒருமுறை கோடிழுத்து, மூலையைக் கிளப்பி, டேப்பை மடித்தபடி தாழ்வாக இழுங்கள். நேரே மேலே பிடுங்கினால் சட்டத்தின் பெயின்டும் கூட வரும். உள்ளே கொஞ்சம் கசிந்திருக்கும், எப்போதும் கசியும். பல்குச்சியின் முனையைச் சீவி, ஒயிட் ஸ்பிரிட்டிலோ தண்ணீரிலோ தொட்டு, கண்ணாடியில் கீறல் விழாமல் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும்.